மவுஸைத் தொடாத கை

என் ராசா சுதன்,

உன் மேல் இருக்கிற கோபத்தோடுதான் இதைத் தொடங்குகிறேன். நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உன் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடித்தோம். உன் சிநேகிதர், உன் அலுவலகத்து ஆட்கள், உன் அத்தான், என் கணவர்கூட ஒரு பக்கம் எழுதித் தந்தார். உன் சொந்த அக்கா மட்டும் ஒரு வரி எழுதவில்லை. "ஏனடா எனக்குச் சொல்லாமல் போனாய்" என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை. அதை அச்சடித்துச் சபையில் கொடுக்க முடியுமா?

இப்போது எழுதுவதற்குக் காரணம், எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தைச் சொல்வதற்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் எனக்கு இல்லை. மற்றவர்களும் வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாசிக்கட்டும்.

நான் இன்னும் இந்த ஜெர்மன் ஊரில், ஹாமில், அதே இடத்தில்தான் வேலை. நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் ஏற்றி இறக்கும் அதே சின்னக் கம்பனி. பதினான்கு வாகனம். எந்த நோயாளிக்கு எந்த வாகனம், எத்தனை மணிக்கு, நடந்து வருவாரா, சக்கர நாற்காலியா என்று கணினியில் பிரித்துக் கொடுப்பது என் பாடு. காலை ஆறரைக்குக் காதில் கருவியை மாட்டினால் பத்து மணிவரை தண்ணீர் குடிக்கவும் நேரம் வராது. உனக்கு இதெல்லாம் தெரியும். "ஹாம் ரவுனின்ரை ட்ராஃபிக் பொலிஸ்" என்று என்னைப் பகிடி பண்ணினவன் நீ.

என் கையை மவுஸிலிருந்து எடுக்க வைத்தவனும் நீதான். தெற்கே எர்லாங்கனில் இருந்துகொண்டு போனில் பாடம் எடுப்பாய். நான் என் திரையில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்ல, நீ அங்கிருந்து வழி சொல்வாய்.

"அக்கா, மவுஸிலை இருந்து கையை எடுங்கோ. கடைக்குப் போய் விரலாலை காட்டிக் காட்டிச் சாமான் வாங்கிற மாதிரி இருக்கு. பேரைச் சொல்லிக் கேளுங்கோ, தருவினம்."

அப்படித்தான் பழகினேன். டாப் விசை ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோகும், ஷிஃப்டையும் சேர்த்தால் பின்னால் கூட்டிவரும். இடைவெளிக் கட்டை சரி போடும், என்டர் ஒப்புக்கொள்ளும், எஸ்கேப் ஆபத்துக்கு உதவும். ஆல்டை அழுத்தினால் பட்டியல்களில் எழுத்துகளுக்குக் கீழே கோடு விழும், அந்த எழுத்தைத் தட்டினால் கதவு திறக்கும். வலது பக்கம் யாருமே தொடாத ஒரு விசை இருக்கிறதே, மவுஸின் வலது பொத்தான் செய்யும் வேலையைச் செய்வது, அதைக்கூட நீ விடவில்லை. மூன்று மாதத்தில் என் விரல்கள் ஓடத் தொடங்கின. எங்கள் பழைய மென்பொருளில் ஒரு பயணத்தை வாகனத்தில் ஏற்ற எனக்கு நாலு தட்டுப் போதும்.

அது உன் கடைசி வருடம். ஏன் அந்த வருடம் உனக்கு இந்த ஆசை வந்தது என்று நான் கேட்கவில்லை. நீ எப்போதும் பின்னேரங்களில்தான் போன் எடுப்பாய். பின்னால் ஏதோ ஒன்று கீச் கீச் என்று இடைக்கிடை கத்தும். என்னடா சத்தம் என்று ஒரு தரம் கேட்டேன். சேர்வர் அறை என்றாய். நானும் நம்பினேன்.

முப்பத்தோராம் நாளன்று, ஐயர் போன பிறகு, உன் மனைவி வாணி எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மாதம் உனக்கு டயாலிசிஸ் நடந்திருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி. ஒரு கையில் ஊசி குத்தி இயந்திரத்தோடு பொருத்தியிருப்பார்கள், அந்தக் கையை அசைக்கக் கூடாது. நீ மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு மற்றக் கையின் விரல்களால் மட்டும் உன் அலுவலக வேலையைச் செய்திருக்கிறாய். மவுஸ் வைக்க அங்கே இடமில்லை. அதைத்தான் எனக்குக் கெட்டித்தனமாகக் காட்டியிருக்கிறாய்.

என் திரையில் செவ்வாய், வியாழன், சனி என்று முப்பது பேர் இருக்கிறார்கள், சுதன். அவர்களுடைய கிளினிக்குகளோடு தினமும் பேசுகிறவள் நான். அந்த இயந்திரத்தின் சத்தத்தைப் போனில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்? உன் பின்னால் அது கத்தும்போது மட்டும் என் காது எங்கே போனது? ஊரார் எல்லோரையும் ஏற்றி இறக்கினேன், என் தம்பி பஸ்ஸில் போய் வந்திருக்கிறான்.

ஏன் மறைத்தான் என்று வாணியைக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நிலானியின்ரை பேச்சு முடியட்டும் எண்டவர், அக்கா." உன் மருமகளுக்கு, என் மகளுக்கு, அப்போது கிறேஃபெல்டில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பெண் கேட்கிறவர்கள் முதலில் சாதகம் கேட்பார்கள், இரண்டாவதாகக் குடும்பத்தில் நோய், வருத்தம் ஏதும் இருக்கோ என்று கேட்பார்கள். தாய்மாமனுக்குச் சிறுநீரகம் பழுது என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். அந்தச் சம்பந்தம் என்ன ஆனது தெரியுமா? அவளும் பெடியனும் ஒரு கோப்பிக் கடையில் ஒரே ஒரு தரம் சந்தித்தார்கள், இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை, முடிந்தது.

வாணி சொன்ன காரணத்தை நான் நிலானியிடம் சொல்லவில்லை. அவள் உன்னில் உயிராக இருந்தவள். எப்படிச் சொல்ல?

இனி என் கதைக்கு வருகிறேன். நீ போன அந்த மாரிகாலத்தில் என் வலக்கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கையெழுத்து கோணியது. பிறகு தேத்தண்ணிக் கோப்பை. அரைக் கோப்பைக்கு மேல் ஊற்றுவதை விட்டேன், எடை குறைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். மவுஸைப் பிடித்தால் திரையில் அம்புக்குறி ஓரிடத்தில் நிற்காது, ஒன்றைத் தொடப் போய் பக்கத்தில் இருப்பதைத் தொட்டுவிடும். ஆனால் விசைப்பலகை என்னைக் காப்பாற்றியது. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு விரலாக இறக்கினால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஒரு தரம் மட்டும் பிடிபடப் பார்த்தேன். மதிய இடைவேளையில் உன் நினைவு மலருக்கு மற்றவர்கள் எழுதித் தந்ததைத் தட்டச்சு செய்வதற்காக அலுவலகக் கணினியில் தமிழ் விசைப்பலகையைப் போட்டு வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் வேலை மும்முரத்தில் இடக்கை ஆல்டைப் பிடித்திருக்க, வலக்கை நடுங்கி ஷிஃப்டில் விழுந்திருக்கிறது. மொழி மாறிவிட்டது. நான் பார்க்காமலே அடித்து அனுப்பிவிட்டேன். எங்கள் சாரதி கோரானின் கருவியில் தெருவின் பெயர் தமிழ் எழுத்தில் போய் விழுந்தது. அவன் போன் எடுத்து, இந்தத் தெரு எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டான். அலுவலகமே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த விரல் ஏன் அங்கே விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதிலாகப் புகழ்ந்தார்கள். எங்கள் மேலாளர் ஃபிராவ் லம்பேர்ட் புதிதாக வருகிறவர்களை என் மேசைக்குக் கூட்டி வருவார். இவரைப் பாருங்கள், மவுஸைத் தொடுவதே இல்லை, எங்களிடம் இவரைவிட வேகமான ஆள் இல்லை என்பார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பொய் சொல்லவில்லைத்தானே, கேட்டால்தானே சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன்.

கோயிலிலும் அதே கதைதான். ஊன்ட்றொப் கோயிலில் அம்பாளின் திருநீறு வாங்கும்போது வலக்கைக்குக் கீழே இடக்கையைத் தாங்கக் கொடுப்பது வழக்கம். நான் தாங்கவில்லை, இறுக்கிப் பிடித்திருக்கிறேன், கொட்டுப்பட்டுவிடும் என்ற பயத்தில். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, இந்தக் காலத்தில் இவ்வளவு பக்தியாகக் கை நீட்டுகிற ஆட்களைக் காண ஏலாது என்று சொன்னா. அவவுக்கு முன்ஸ்டரில் ஒரு பேரன் இருப்பதாகவும், என்ஜினியர் என்றும் அடுத்த மூச்சில் சொன்னா. நான் கையை இன்னும் இறுக்கினேன்.

ஏன் டொக்டரிடம் போகவில்லை என்று கேட்பாய். உனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முகமிருக்கிறதா?

மூன்று மாதத்துக்கு முன் எங்கள் கம்பனி மென்பொருளை மாற்றியது. பழகுவதற்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். சொல்லித் தர வந்த பெண் நல்லவள், பொறுமைசாலி. திரையின் இடப்பக்கம் பயணங்கள் சின்னச் சின்ன அட்டைகளாக இருந்தன, வலப்பக்கம் வாகனங்கள் வரிசையாக, நேரம் குறித்த கோடுகளோடு. அட்டையை மவுஸால் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாகனத்தின் வரிசையில் விட வேண்டும். அவ்வளவுதான், குழந்தைப்பிள்ளைகூடச் செய்யும் என்றாள்.

நான் டாப்பை அழுத்தினேன். தேடுகிற பெட்டிக்குப் போனது. இன்னொரு தரம். மேலே உள்ள பொத்தானுக்குப் போனது. இன்னொரு தரம். அட்டைகளைத் தொடாமல் தாண்டி, திரையின் அடிக்குப் போய்விட்டது. அம்பு விசைகளைத் தட்டினேன், அசையவில்லை. நீ சொல்லித் தந்த அந்த வலது பக்க விசையையும் அழுத்திப் பார்த்தேன். எங்கேயோ சம்பந்தமில்லாத பட்டியல் ஒன்று திறந்தது. நீ இருந்திருந்தால் ஒரு வழி கண்டுபிடித்திருப்பாயா, அல்லது இது பிழையாகக் கட்டின வீடு, வாசல் வைக்க மறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருப்பாயா?

அன்று கையை உயர்த்தி, விசைப்பலகையால் இதைச் செய்ய வழி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் கையைப் பச்சைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இடக்கையால் பழகத் தொடங்கினேன். வீட்டில் நிலானியின் பழைய மடிக்கணினியில் சீட்டு விளையாட்டைப் போட்டு, இடக்கையால் சீட்டுகளை இழுத்து இழுத்து விட்டேன். எப்போதிருந்து சீட்டு விளையாடத் தொடங்கினீர்கள் என்று அவள் கேட்டாள். மூளைக்கு நல்லதாம் என்றேன். வேலையில் நாலு தட்டில் முடிந்த காரியம் அரை நிமிடமானது. வேகக்காரியின் வேகம் எங்கே போனது என்று ஃபிராவ் லம்பேர்ட் பகிடியாகக் கேட்டார். பகிடிதானா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டரைக்கு இரண்டு போன் ஒன்றாக அடித்தது, அவசரத்தில் என் வலக்கை பழைய பழக்கத்தில் மவுஸைப் பிடித்துவிட்டது. ஹெர் வீஸ்னர் என்ற ஒரு பெரியவரின் பயணம் அது. சக்கர நாற்காலி, டயாலிசிஸ், செவ்வாய் வியாழன் சனி. அவருடைய அட்டை கோரானின் வரிசையில் விழ வேண்டும், ஒரு வரிசை கீழே விழுந்தது. அந்த வாகனம் அன்று பழுது பார்க்கப் போயிருந்தது. மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. நான் அடுத்த போனை எடுத்துவிட்டேன்.

ஒருவரும் அவரை ஏற்றப் போகவில்லை. ஒரு மணியும் ஐம்பது நிமிடமும் அந்த மனிதர் கிளினிக்கின் நடைவழியில் நாற்காலியில் இருந்திருக்கிறார். டயாலிசிஸ் முடிந்த உடம்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கடைசியில் அவரே போன் எடுத்தார். தொந்தரவு தருவதற்கு மன்னிக்க வேண்டும், என்னை மறந்துவிட்டீர்களோ என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஃபிராவ் லம்பேர்ட் கோரானைத்தான் சந்தேகப்பட்டார். அவன் முன்பும் இரண்டு தரம் பிந்திப் போனவன். அந்தப் பயணம் என் கருவிக்கு வரவே இல்லை என்று அவன் சொன்னான். வராமல் எப்படி இருக்கும், வழக்கமாக நீங்கள்தானே ஏற்றுவீர்கள் என்று எல்லோருக்கும் முன்னால் அவனை ஏசினார். இனி ஒரு தரம் நடந்தால் எழுத்தில் எச்சரிக்கை வரும் என்றார். அவன் என் மேசையைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை உனக்கு மட்டும் சொல்லவில்லை, வாசிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். அன்று நான் வாய் திறக்கவில்லை. ஒரு மனிதன் என் கைக்காக ஏச்சு வாங்கினான், நான் அப்படியே இருந்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே போய் ஃபிராவ் லம்பேர்ட்டின் அறைக் கதவைத் தட்டினேன். சொல்ல வேண்டியதை ஜெர்மனில் பத்துத் தரம் மனத்துக்குள் பாடமாக்கியிருந்தேன், உள்ளே போனதும் எல்லாம் பறந்துவிட்டது. வலக்கையை அவருடைய மேசைக்கு மேலே நீட்டினேன். ஊன்றவில்லை, பிடிக்கவில்லை, அப்படியே அந்தரத்தில் விட்டேன். அது தன் பாட்டுக்கு ஆடியது. ஹெர் வீஸ்னரைக் காக்க வைத்தது இந்தக் கைதான், கோரான் இல்லை என்றேன்.

எவ்வளவு காலம் என்று கேட்டார். இரண்டு வருடம் என்றேன். அவர் சொன்னது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. டொக்டரின் கடிதம் வரும்வரை நான் வாகனம் பிரிக்கக் கூடாது, போன் மட்டும் எடுக்க வேண்டும். விசைப்பலகையால் வேலை செய்ய வழி செய்து தர முடியுமா என்று மென்பொருள்காரரைக் கேட்பார். உடல்நிலைக்கான அன்ராக் என்ற விண்ணப்பம் ஒன்று இருக்கிறது, அதை நான் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் இப்போது ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கோரானிடம் அவரே மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். ஒரு இரவு முழுக்க என் மேல் பழியை விட்டுவிட்டீர்களே என்று மட்டும் அவன் சொன்னான். இன்னும் என்னோடு முன்பு போலக் கதைப்பதில்லை.

நரம்பு டொக்டரைப் பார்க்க நாளும் நேரமும் குறித்து டெர்மின் கிடைத்திருக்கிறது, இன்னும் ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கிறது. இந்த நடுக்கத்துக்கு இரண்டு பெயர் இருக்கலாமாம். ஒன்று பரவாயில்லாத பெயர். மற்றதை நான் இங்கே எழுதப் போவதில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் கையைத்தான் பார்க்கிறேன். வேலை இருக்குமா? போன் மேசையில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? மென்பொருள்காரர் இன்னும் பதில் அனுப்பவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு இடத்தில் போய், எனக்கு மவுஸ் பிடிக்க ஏலாது என்று சொல்லி யாரிடம் வேலை கேட்க?

ஆனால் இவ்வளவு பயத்திலும் நான் கடைசிவரை தள்ளிப்போட்டது வேலையை இல்லை, நிலானியை. அவளுக்குச் சொல்வதை. மேலாளருக்குச் சொல்லி ஒன்பது நாள் கழித்துத்தான் மகளுக்குச் சொன்னேன். கோயிலில் கண்ட அந்த அம்மா தன் முன்ஸ்டர்ப் பேரனுக்கு நிலானியைக் கேட்டு இரண்டு தரம் போன் எடுத்திருந்தா. பேச்சு ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்கு உறைத்தது. குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன், சுதன். இரண்டு வருடமாக எந்த வசனத்துக்காக உன்னை ஏசிக்கொண்டிருந்தேனோ, அதையே எழுத்து மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவளை இருத்திச் சொன்னேன். கை, வேலை, ஹெர் வீஸ்னர், கோரான், டெர்மின் எல்லாம். ஏன் மறைத்தேன் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. கை நடுங்குவதை நத்தார் பண்டிகை நேரமே கண்டுவிட்டாளாம். நானாகச் சொல்லுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாளாம். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப மாமாவும் எனக்காகத்தான் சொல்லேல்லையோ?"

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஓம் என்றேன்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே, அம்மா. அந்த எட்டு மாசமும் நான் மாமாவோடை இருந்திருப்பன்."

அவள் சொன்னதை உன்னிடம் சேர்ப்பிக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாளும் வந்திருக்க மாட்டாள். சனிக்கிழமைகளில் கட்டாயம் ரயில் ஏறியிருப்பாள். உன் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உன் அறுவைப் பகிடிகளைக் கேட்டிருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அதை அவளிடமிருந்து பறித்துவிட்டோம். நீ செய்தது பாதி, இரண்டு வருடம் மூடி வைத்தது என் பாதி.

ஐந்து கிழமையில் அந்த டெர்மினுக்கு அவளோடுதான் போகிறேன். வாசலில் இரு என்று சொல்லமாட்டேன், உள்ளே கூட்டிப் போவேன். டொக்டர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதை நான் கேட்கிற அதே நேரத்தில் அவளும் கேட்பாள். பயம் போகாது. ஆனால் இனி ஒருநாளும் என் பயத்துக்கு அவளுடைய பெயரை வைக்கமாட்டேன், இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

நீ செய்த பிழையையே செய்த,
உன் அக்கா
பவானி